பழைய பிக்கப்புக்கு மாற்றுச் சில்லு: வாசகர் கேள்வி – பதில்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, மலையகத்தில் கொட்டிலுக்குள் கிடந்த பிக்கப்புகள் பலவும் மறுபடி வீதிக்கு வந்துவிட்டன. எஞ்சின் திருத்தியாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று, இனிச் சில்லுதான் பாக்கி என்று எழுதும் வாசகர்கள் அதிகம். அந்தக் கடிதங்கள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: டட்சன் 720 பிக்கப்பில் லீக்ஸ், கரட், கோவா ஏற்றித் தம்புள்ளைக்குப் போய் வருகிறேன். 14 அங்குல இரும்பு ரிம் நாலும் கறள் பிடித்துவிட்டன. மிட்சுபிஷி பிக்கப்பில் கழற்றிய 15 அங்குல அலோய் ரிம் ஒரு செட் கிடைக்கிறது. அதிலும் ஆறு ஓட்டை. "ஆறு ஸ்டட் எல்லாம் ஒன்றுதான், அப்படியே ஏறும்" என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– ஒரு மரக்கறி வியாபாரி, கந்தப்பளை

பதில்: அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் நல்லது. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. டட்சன் 720, மிட்சுபிஷி எல்200, ஆறு ஸ்டட் ஹைலக்ஸ் எல்லாவற்றிலும் ஸ்டட் (நட் ஏறும் புரியாணி) வட்டத்தின் விட்டம், அதாவது பி.சி.டி., 139.7 மி.மீ. தான். ஸ்டட்டும் ஓட்டையும் நேருக்கு நேர் வரும். தடுப்பது நடு ஓட்டை. உங்கள் ஹப்பின் (சில்லு பூட்டப்படும் அச்சு முனையின்) நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் சுமார் 100 மி.மீ., எல்200 ரிம்மின் நடு ஓட்டையோ 67.1 மி.மீ. ஹப் அதற்குள் நுழையவே நுழையாது.

"லேத்தில் கொடுத்து ஓட்டையைப் பெருப்பிக்கலாம்" என்று அடுத்த யோசனை வரும். கணக்குப் பாருங்கள். ஸ்டட் வட்டத்தின் ஆரை 69.85 மி.மீ. நட் உட்காரும் கூம்புக் குழி 24 மி.மீ. என்று வைத்தால், குழியின் உள்விளிம்பு மையத்திலிருந்து சுமார் 58 மி.மீ. தூரத்தில் நிற்கும். நடு ஓட்டையை 100 ஆக்கினால் அதன் விளிம்பு 50க்கு வந்துவிடும். நட்டுக்கும் ஓட்டைக்கும் இடையில் மிஞ்சுவது 8 மி.மீ. அலுமினியம். மரக்கறி மூட்டையோடு ரம்பொடை வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு அது காணாது.

ஹைலக்ஸ் நான்கு சக்கர இயக்க வண்டியின் ரிம் கிடைத்தால் நிலைமை மறுபக்கம். அதன் நடு ஓட்டை 106.1 மி.மீ. உங்கள் ஹப்பில் ஏறும், ஆனால் சுற்றிவர 3 மி.மீ. ஆட்டம் இருக்கும். அந்த இடைவெளிக்கு அலுமினிய வளையம் ஒன்று கடைந்து போட வேண்டும். ஹப்பை வர்னியர் கலிப்பரால் அளந்து, அந்த எண்ணை எழுதியே லேத்காரரிடம் கொடுங்கள். 720இன் சராசரி அளவு என்று யாரோ சொன்னதைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் இடையிலான தூரம். கடைகளில் இதை யாரும் பேசுவதில்லை, வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். டயர் இல்லாத பழைய ரிம்மைக் குப்புறப் போடுங்கள். மேலே வரும் பின்விளிம்பில் நேரான கம்பி ஒன்றைக் குறுக்கே வையுங்கள். கம்பியிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வரை எவ்வளவு ஆழம் என்று அளவுங்கள். உதாரணத்துக்கு அது 120 மி.மீ. என்று வைப்போம். ரிம்மில் 5½ ஜே என்று இருந்தால், அந்த 5½ அங்குலம் டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே. இரு பக்க உதட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 6½ அங்குலம், 165 மி.மீ. அதன் பாதி 82.5. 120இலிருந்து 82.5ஐக் கழித்தால் 37.5. அதுவே ஆஃப்செட், ரிம்மில் 'ஈ.டி.' என்று அச்சிட்டிருக்கும் எண். ஒட்டும் முகத்திலிருந்து வெளிப்பக்கம் நீட்டி நிற்பது 45 மி.மீ.

இப்போது 7 ஜே, ஈ.டி. பூச்சியம் உள்ள 'அழகான' ரிம் ஒன்றை அதே ஹப்பில் போட்டால் என்ன நடக்கும்? மொத்த அகலம் 8 அங்குலம், 203 மி.மீ. பாதி உள்ளே, பாதி வெளியே, 101.5 வீதம். முன்பு 45 மி.மீ. வெளியே நின்ற விளிம்பு இனி 101.5இல் நிற்கும். ஒரு பக்கத்துக்கு 56 மி.மீ. வெளியே தள்ளிவிட்டது. பார்க்க வண்டி தோள் விரித்த மாதிரி இருக்கும். ஆனால் சில்லு உருளும் கோடு பெயாரிங்கை விட்டு விலகியதால் வெளிப் பெயாரிங் சீக்கிரம் இரையும். ஒரு சில்லு குழியில் விழுந்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். முழுத் திருப்பத்தில் டயர் மட்கார்ட்டை உரசும். சேறும் கல்லும் கதவில் அடிப்பது வேறு.

உங்கள் வண்டிக்குத் தோதானது 15 × 6 ஜே, ஈ.டி. +30 அளவில் ஒன்று. மேலே சொன்ன உதாரணக் கணக்கின்படி உள்பக்கம் 1 மி.மீ. மட்டுமே மாறும், வெளிப்பக்கம் 14 மி.மீ. கூடும். அதைத் தாண்டாதீர்கள்.

டயருக்கு வருவோம். பழைய 185 ஆர் 14 சி டயரின் மொத்த உயரம் சுமார் 650 மி.மீ. அதற்குப் பதிலாக 15 அங்குலத்தில் 195/70 ஆர் 15 சி போட்டால் 654. கிட்டத்தட்ட ஒன்றே. கடையில் நிறையக் கிடைக்கிறது என்று 225/70 ஆர் 15 வாங்கினால் 696, அதாவது 7 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது வண்டி 64இல் ஓடும். அது சின்ன விஷயம். கியர் எல்லாமே 7 சதவீதம் உயர்ந்துவிடும் என்பதுதான் பெரியது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுத்தது முதலாம் கியர் கேட்கும். இறக்கத்தில் அதே கியரில் எஞ்சின் பிடிப்புக் குறையும், குறைந்ததைப் பிரேக் ட்ரம் சுமக்கும். அதே பிரேக்குக்குப் பெரிய சில்லை நிறுத்த அதிக பலமும் வேண்டும். சமவெளியில் இது ஒன்றும் தெரியாது. கொத்மலைப் பக்கம் இறங்கும்போது பிரேக் மணக்கும்.

சுமை எண்ணையும் பாருங்கள். கார்களுக்கு வரும் 195/65 ஆர் 15 டயரில் பெரும்பாலும் 91 என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, இரண்டுக்கு 1,230. ஒரு தொன் மரக்கறி ஏற்றி, வண்டியின் சொந்த நிறையும் சேர்ந்து பின் அச்சில் 1,400 கிலோ விழுந்தால் அந்த டயர் அளவுக்கு மீறிச் சுமக்கிறது. 195/70 ஆர் 15 சி டயரில் 104/102 என்றிருக்கும். 104க்கு 900 கிலோ, இரண்டுக்கு 1,800. சரிந்த கோட்டுக்கு அப்பால் உள்ள எண் இரட்டைச் சில்லுக்குரியது, உங்களுக்கு வேண்டியதில்லை.

டயர் தாங்கினால் போதாது, ரிம்மும் தாங்க வேண்டும். ஜப்பானிய அலோய் ரிம்மின் உள்பக்கத்தில் 'ஜே.டபிள்யு.எல்' என்று மட்டும் இருந்தால் அது காருக்குச் செய்தது. 'ஜே.டபிள்யு.எல்-டி' என்று 'டி' சேர்ந்திருந்தால் சுமை வண்டிக்கானது. கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போய் வாங்குவதானாலும், ஊர்க் கடையில் வாங்குவதானாலும், ரிம்மைத் திருப்பி இந்த எழுத்தைத் தேடிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு. கந்தப்பளைக் குளிரில் அதிகாலை பார்த்து அடித்த காற்று தம்புள்ளை வெயிலில் கூடிக் காட்டும். அங்கே இறக்கிவிடாதீர்கள். திரும்பி வரும்போது டயர் மெலிந்துதான் மலையேறும்.

கேள்வி: அதே டட்சன் 720 வண்டிதான் என்னிடமும். புது நட் ஒரு செட் வாங்கினேன். கையால் இரண்டு சுற்று இறங்கி நிற்கிறது. கராஜில் கன் (நட் இறுக்கும் மெஷின்) வைத்து இறுக்கித் தருகிறேன் என்கிறார்கள்.
– தலவாக்கலை வாசகர்

பதில்: தயவு செய்து விடாதீர்கள். டட்சன், நிசான் ஸ்டட் எம்12 × 1.25, அதாவது 12 மி.மீ. தடிப்பு, புரிக்குப் புரி 1.25 மி.மீ. டொயோட்டா, மிட்சுபிஷி, மஸ்தா நட்டுகள் எம்12 × 1.5. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. புரி இடைவெளி வேறாக இருப்பதால் இரண்டாம் சுற்றில் கடித்துக்கொள்ளும். கன் அதை இறக்கிவிடும், ஆனால் புரியைச் சீவிக்கொண்டு இறக்கும். அடுத்த பஞ்சரில் நட் கழராது, கழன்றால் ஸ்டட்டோடு வரும். நட்டைக் கையால் கடைசி வரை சுற்ற முடிய வேண்டும், ஸ்பானர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். குறைந்தது ஸ்டட்டின் தடிப்பளவு நீளம் நட்டுக்குள் போக வேண்டும் என்பது கணக்கு. 1.25 புரியில் அது ஏறத்தாழ 10 சுற்று, 1.5 புரியில் 8.

கேள்வி: எங்கள் ஹைலக்ஸில் ஐந்து ஸ்டட். எதிரெதிராக ஸ்டட் இல்லாததால் பி.சி.டி. அளக்க முடியவில்லை.
– ஹட்டன் வாசகர்

பதில்: பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் மையத்துக்கு மையம் அளந்து 1.701ஆல் பெருக்குங்கள். மையத்தைக் கண்ணால் மதிக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்பு வரை அளந்தால் அதே எண் வரும். 67.2 மி.மீ. வந்தால் பி.சி.டி. 114.3. இரு சக்கர இயக்க ஹைலக்ஸில் இந்த அளவு வந்ததுண்டு. ஆனால் ஹைலக்ஸ் என்ற பெயரை நம்பி ஆறு ஓட்டை ரிம் வாங்கி வந்து ஏமாந்தவர்கள் உண்டு, முதலில் எண்ணிப் பாருங்கள். நாலு, ஆறு ஸ்டட் வண்டிகளில் எதிரெதிர் ஸ்டட்டை நேராக அளந்தால் போதும்.

கேள்வி: தாத்தா காலத்து மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றைத் திருத்தி எடுக்கிறோம். சின்ன ஜப்பான் கார் ஒன்றின் 14 அங்குல அலோய் ரிம், நாலு ஓட்டை, 100 மி.மீ. போட்டுப் பார்த்தோம், கொஞ்சம் தட்டினால் ஏறிவிட்டது. நட்டும் இறுகுகிறது. பெரியப்பா மட்டும் வேண்டாம் என்கிறார்.
– பண்டாரவளை வாசகர்

பதில்: பெரியப்பா சொல்வதுதான் சரி. மைனரின் பி.சி.டி. 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. நீங்கள் போட்டது 100. வித்தியாசம் 1.6 மி.மீ., ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் 0.8 மி.மீ. தட்டினால் ஏறுகிறது என்பதே சிக்கல். ஏறாமல் இருந்திருந்தால் பிழைத்தீர்கள்.

ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்றால், நட்டின் கூம்பு குழியில் முழு வட்டமாக உட்காராமல் ஒரு பக்கத்தில் மட்டும் சாய்ந்து உட்காரும். நாலு ஸ்டட்டும் உள்நோக்கி வளைந்தபடி நிற்கும். மைனரின் ஸ்டட் வெறும் 3/8 அங்குலம், யு.என்.எஃப். என்ற அங்குல வகைப் புரி. சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிரும். இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்பது எப்படியோ அப்படி. முதலில் நட் தளரும், இறுக்குவீர்கள், மறுபடி தளரும். பிறகு ஒரு நாள் பெரகலை இறக்கத்தில் ஸ்டட்டே முறியும். இப்போதே ரிம்மைக் கழற்றி, கூம்புக் குழிக்குள் பாருங்கள். பளபளப்பு ஒரு பக்கத்தில் பிறைபோல் மட்டும் இருந்தால் அதுவே சாட்சி. போட்டு ஓட்டியிருந்தால் அந்தச் சில்லுகளின் ஸ்டட் எல்லாவற்றையும் யோசிக்காமல் புதிதாக மாற்றுங்கள்.

ஓட்டையை நீளமாக அராவுவது, வெல்டிங் வைத்து அடைத்து மறுபடி துளைப்பது என்று வரும் யோசனைகளுக்கும் இதே பதில்தான். அலுமினிய ரிம்மின் பலம் வெப்பத்தால் ஏற்றிய பலம். ஸ்டட் ஓட்டைப் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் அது போய்விடும்.

சரியான வழி, 101.6 வட்டமே உள்ள சில்லைத் தேடுவது. முதல் தெரிவு மைனரின் சொந்த 14 அங்குல இரும்பு ரிம். இலங்கையில் மைனர் இன்னும் நிறைய இருப்பதால் பழைய ரிம் கிடைக்கும். எம்.ஜி. மிட்ஜெட்டின் 13 அங்குல ரிம்மும் அதே வட்டம், அதே ஸ்டட். அதில் 155/80 ஆர் 13 போட்டால் உயரம் 578 மி.மீ. மைனரில் 145/80 ஆர் 14 போட்டால் 588. ஒத்துப்போகும். மினியின் ரிம்மும் 101.6 தான் என்று யாராவது 10 அங்குல ரிம்மோடு வந்தால் அன்போடு அனுப்பிவிடுங்கள்.

பழைய இரும்பு ரிம் வாங்கும்போது பெயின்டைப் பார்க்காதீர்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஸ்டட் ஓட்டைகளைச் சுற்றியும், நடுத்தட்டு வெளி வளையத்தோடு சேரும் இடத்திலும்தான் வெடிப்பு வரும். அந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, 10 நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். பிறகு பள்ளிக்கூட சோக்கை நன்றாகத் தூளாக்கித் தடவுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைச் சோக்கில் மயிரளவு கருங்கோடாகத் தெரியும். கோடு தெரிந்த ரிம்மை வெல்டிங்குக்கு அனுப்பாமல் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

டயர் 145/80 ஆர் 14 அல்லது 155/80 ஆர் 14. 175 வேண்டாம். அதற்குக் குறைந்தது 4½ அங்குல ரிம் வேண்டும், மைனரின் ரிம் அதைவிட ஒடுக்கம். ஒடுக்கமான ரிம்மில் பிதுங்கிய டயர் வளைவில் பக்கவாட்டில் நெளியும். டியூப் கட்டாயம் போடுங்கள். டியூப் இல்லாத டயருக்குச் செய்த ரிம்மின் உள்ளே சிறு மேடு ஒன்று ஓடும், அளவுக்குப் பின்னால் 'எச்2' போன்ற குறி இருக்கும். அந்தக் காலத்து ரிம்மில் அந்த மேடு இல்லை. காற்றுக் குறைந்த நேரத்தில் டயர் விளிம்பு நழுவிக் குழிக்குள் விழுந்துவிடும். டியூபின் வால்வு சாய்ந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாய்ந்தால் டியூப் உள்ளே நகர்கிறது என்று பொருள்.

நட்டை 45 றாத்தல் அடிக்கு மேல் இறுக்க வேண்டாம், சுமார் 60 நியூட்டன் மீற்றர். லொறிக்கு இறுக்குகிற கை மைனரின் ஸ்டட்டை இழுத்து நீட்டிவிடும்.

கேள்வி: ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் 25 மி.மீ. ஸ்பேஸர் தட்டு போட்டால் வண்டி பார்க்க நன்றாக இருக்குமா?
– மாத்தளை வாசகர்

பதில்: இருக்கும். நட் பிடிக்க ஸ்டட்டில் புரிதான் இருக்காது.

கேள்வி: ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் போட பிளாஸ்டிக் வளையம் விற்கிறார்கள், அலுமினியத்தில் பாதி விலை. நட் தானே சில்லைப் பிடிக்கிறது, வளையம் எதுவானால் என்ன?
– அப்புத்தளை வாசகர்

பதில்: நட் இறுகிய பிறகு சுமையைத் தாங்குவது ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையிலான உராய்வு, அது சரிதான். வளையத்தின் வேலை, இறுக்கும்போது சில்லை நடுவில் நிறுத்துவது. தட்டையான ஊர்களில் பிளாஸ்டிக் போதும். நீங்கள் அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கி முடிக்கும்போது ஹப்பைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் மெல்லிய பிளாஸ்டிக் நெளியும், அடுத்த முறை சில்லு மாற்றும்போது துண்டாக வரும், சில்லு நடுவில் உட்காராது. அலுமினியமே வாங்குங்கள். போடும் முன் ஹப்பின் கறளைத் தேய்த்து, வளையத்தில் மெல்லியதாகக் கொஞ்சம் கிரீஸ் தடவினால் ஒட்டிக்கொள்ளாது. கிரீஸ் கை ஸ்டட்டிலும் நட்டின் கூம்பிலும் படக்கூடாது. பட்டால் அதே இறுக்கத்துக்கு ஸ்டட் அளவு மீறி நீளும்.

கேள்வி: லேண்ட் ரோவர் சீரீஸ், குட்டை வீல்பேஸ், பிக்கப் உடல். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குள் ஓடுகிறது. 235/85 ஆர் 16 டயர் போட ஆசை. டிஸ்கவரி ரிம்மும் ஏறும் என்கிறார்கள்.
– பட்டிப்பொல வாசகர்

பதில்: லேண்ட் ரோவர் சீரீஸின் பி.சி.டி. ஐந்து ஸ்டட், 165.1 மி.மீ. பழைய ரேஞ்ச் ரோவர், முதல் தலைமுறை டிஸ்கவரி, டிஃபென்டர் எல்லாம் அதே வட்டம். 1998இல் வந்த இரண்டாம் டிஸ்கவரியில் 120 மி.மீ.க்கு மாறிவிட்டது, அது ஏறாது. எனவே 'டிஸ்கவரி ரிம்' என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டாம். பக்கத்து ஸ்டட் ஓட்டைகளின் இடைவெளி 97 மி.மீ. வருகிறதா என்று அளந்தே வாங்குங்கள்.

வட்டம் ஒன்றானாலும் ஆஃப்செட் ஒன்றல்ல. முழுத் திருப்பத்தில் டயர் முன் ஸ்பிரிங்கை உரசுகிறதா என்று இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அலோய் ரிம் என்றால் அதற்கென்று செய்த நீண்ட கழுத்து நட் வேண்டும், இரும்பு ரிம்மின் நட் உதவாது. ஸ்டட்டிலும் கவனம். பழைய சீரீஸ் வண்டிகளில் 9/16 அங்குல பி.எஸ்.எஃப். என்ற பழைய பிரித்தானியப் புரி, பின்னால் வந்தவற்றில் 16 மி.மீ. இரண்டும் கலந்த வண்டிகள் நம் ஊரில் உண்டு, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்றாக. நாலு ஹப்பிலும் தனித்தனியே பாருங்கள்.

235/85க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். குட்டை வண்டியோடு வந்தது 5 அங்குலம். அந்த ரிம்மை வைத்துக்கொள்வதானால் 6.00-16 டயரோடு நில்லுங்கள், உயரம் சுமார் 730 மி.மீ. 235/85 என்றால் 806. பத்து சதவீதத்துக்கு மேல் உயரும். உங்கள் ட்ரம் பிரேக்கையும் எஞ்சினையும் நினைத்தால் அந்த ஆசையை விட்டுவிடலாம். தோட்டச் சேற்றில் அகல டயரைவிட ஒடுக்கமான, ஆழமான பற்கள் உள்ள டயர் கீழே உள்ள கெட்டி மண்ணைத் தேடிப் பிடிக்கும் என்பதும் உண்டு.

இரும்பு ரிம்முக்கு டியூப் வேண்டும். ரிம் இரண்டு பாதியாக நட் போட்டு இணைத்த வகை என்றால், காற்றை முழுக்க இறக்கி வால்வின் ஊசியையும் கழற்றிய பிறகே அந்த நட்டில் கை வையுங்கள். காற்றோடு கழற்றினால் பாதி ரிம் ஆளின் மேல் பறக்கும்.

கேள்வி: அலோய் போட்ட பிறகு 60ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. மூன்று முறை பலன்ஸ் செய்தாயிற்று. ஈயக் கட்டிதான் கூடுகிறது.
– வெலிமடை வாசகர்

பதில்: நாலாம் முறை பலன்ஸ் செய்யாதீர்கள். பலன்ஸ் மெஷின் சில்லைத் தன் கூம்பில் நடுவாக்கிச் சுற்றுகிறது. உங்கள் ஹப்பில் அது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று மெஷினுக்குத் தெரியாது. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் மேல் பென்சில் ஒன்றைக் கட்டி, ரிம்மின் உதட்டைத் தொட்டும் தொடாமலும் வைத்துச் சில்லைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி பக்கவாட்டில் 1.5 மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது ஹப்பின் முகத்தில் கறள் கட்டியிருக்கிறது. கறளைத் தேய்த்து மறுபடி அளந்து பாருங்கள், பாதி நேரம் அங்கேயே முடிந்துவிடும். மேலும் கீழுமாகத் துள்ளினால் நடு வளையம் இல்லை, அல்லது அளவு பிழை.

பிறகு நட்டைச் சில்லு தரையைத் தொடாத நிலையில், நட்சத்திர வரிசையில், எதிர் நட்டாக மாற்றி மாற்றி மூன்று தவணையில் இறுக்குங்கள். எம்12 ஸ்டட்டுக்கு 100 நியூட்டன் மீற்றர் அளவு வழக்கம், கையேடு வேறு எண் சொன்னால் அதுவே. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பிறகு, சில்லு ஆறியதும், மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது அலோயில் பெயின்ட் நசுங்கி நட் சற்றுத் தளர்வது இயல்பு.

கேள்வி: நாலு சில்லும் அலோய். ஸ்பெயார் மட்டும் பழைய இரும்பு. பரவாயில்லையா?
– மஸ்கெலியா வாசகர்

பதில்: டயரின் உயரம் ஒன்றானால் பரவாயில்லை. ஆனால் நட்டைப் பாருங்கள். டொயோட்டாவின் அலோய்களில் பல, கீழே தட்டை வாஷரும் கழுத்தும் உள்ள நட்டுக்கானவை. இரும்பு ரிம்முக்கு 60 பாகை கூம்பு நட் வேண்டும். தட்டை நட்டைக் கூம்புக் குழியில் போட்டால் இறுகியது போலத் தெரியும், சில்லு நடுவில் நிற்காது. உங்கள் அலோய் அந்த வகை என்றால், இரும்பு ரிம்முக்குரிய ஆறு நட்டை ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கோடு வையுங்கள். மழையில், நோர்ட்டன்பிரிட்ஜ் வீதி வளைவில், டோர்ச் வெளிச்சத்தில் அதைத் தேட வேண்டி வரும்போது பை சீட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் இன்னொன்று. ஸ்பெயாரின் உயரம் மற்ற மூன்றோடு ஒத்திருக்காவிட்டால், அதைப் போட்டுக்கொண்டு தார் வீதியில் நாலு சக்கரத்தையும் இணைத்து ஓட்டக்கூடாது. முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்ற முயன்று, லிவர் விடுபடாமல் இறுகும். அப்படி இறுகிவிட்டால் பலத்தைக் காட்டாமல் கொஞ்சத் தூரம் பின்னோக்கி எடுங்கள், விடுபடும்.